தினமும் பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

சரக்கறை

வணக்கம் நண்பர்களே. தினமும் பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்க வேண்டும். எனக்குக் கிடங்கில் வேலை. நாள் முழுக்க அட்டைப்பெட்டி பிரிப்பது, பிளாஸ்டிக் பட்டை அறுப்பது, ஒட்டுநாடா, சணல், அவ்வப்போது தடித்த நைலான் கயிறு. வீட்டுக்கு வந்தால் செடிகளுக்குக் கட்டும் கயிறு, பார்சல் கவர், சில நேரம் ஒரு பழம். இவ்வளவுதான் தேவை. ஆனால் தேட ஆரம்பித்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் எஃகின் பெயரை வைத்துச் சண்டை போடுகிறார், இன்னொருவர் லாக்கை, அதாவது திறந்த பிளேடு மடங்காமல் நிறுத்தும் பூட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறார், மூன்றாமவர் எதுவாக இருந்தாலும் பெரிதாக வாங்கு என்கிறார். என் கை சின்னது. கூட வேலை செய்பவர்கள் பார்த்துப் பயப்படுகிற மாதிரி ஒன்றும் வேண்டாம். தீட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளத் தயார். எதை முதலில் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

தீட்டுக்கல்

உங்கள் தேவையைத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள், அதனால் பதிலும் சொல்வது சுலபம். முதலில் பார்க்க வேண்டியது பிளேடு எவ்வளவு மெல்லியது என்பது. எஃகு எது, பிடி என்ன பொருள், யார் செய்தது, எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கத்தியை மேலிருந்து, அதாவது முதுகுப் பக்கத்திலிருந்து பாருங்கள். முதுகு 2 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை இருந்தால் பை கத்திக்குத் தாராளம். அதைவிட முக்கியம், தீட்டிய கூர் முடிந்து பிளேடின் பக்கவாட்டு ஆரம்பிக்கும் இடத்தில் எவ்வளவு தடிமன் இருக்கிறது என்பது. அங்கே 0.3 – 0.5 மி.மீ. இருந்தால் அட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். 0.8 மி.மீ.க்கு மேல் போனால், கூர் முடியை மழிக்கிற அளவுக்கு இருந்தாலும் பிளேடு அட்டையைப் பிளக்கும், வெட்டாது. பிளக்கும்போது நீங்கள் கூடுதலாக அழுத்துவீர்கள், அழுத்தம் கூடினால் கை கட்டுப்பாடு குறையும். விபத்து நடப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

விக்டோரினாக்ஸ் கத்தியை எடுத்துப் பாருங்கள். அதில் போடுகிற எஃகு மிகச் சாதாரணமானது, ராக்வெல் என்ற கடின அளவுகோலில் 56 சுற்றித்தான். இருந்தும் எளிதாக வெட்டும், ஏனென்றால் பிளேடு அவ்வளவு மெல்லியது. ஓபினெல்லும் அப்படித்தான். 1890-இல் பிரான்ஸின் சவாயில் ஜோசப் ஓபினெல் ஆரம்பித்த வடிவம், பீச் மரப் பிடி, மெல்லிய பிளேடு, இன்றும் ஏறக்குறைய அதே உருவம். 8-ஆம் எண் ஓபினெல்லின் பிளேடு 8.5 செ.மீ., எடை 50 கிராம்கூட வராது. தடித்த, முரட்டுத் தோற்றம் கொண்ட எத்தனையோ கத்திகளைவிட இது நன்றாக வெட்டும்.

நீளத்தைப் பொறுத்தவரை, நீங்கள் சொன்ன வேலைக்கு 7 – 8 செ.மீ. போதும். பிடியில் நான்கு விரலும் உட்கார வேண்டும், அதுதான் கணக்கு.

உருக்கு

தீட்டுக்கல் சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன், மீதிப் பாதியை அப்படியே விட முடியாது. இவர் நாள் முழுக்க அட்டை வெட்டுகிறவர். அட்டை பார்க்க மென்மையாக இருக்கும், ஆனால் மறுசுழற்சிக் காகிதத்தில் மண்ணும் தாதுத் துகளும் கலந்திருக்கும், அது கூரை அரித்துத் தின்னும். பட்டையும் நைலானும் அவ்வளவு செய்யாது, அட்டைதான் கூரின் எதிரி. அங்கே எஃகின் தேய்மானத் தாங்குதிறன் நேரடியாகத் தெரியும். காலையில் தீட்டிய கத்தி மதியத்துக்குள் மழுங்கினால் எத்தனை மெல்லியதாக இருந்து என்ன பயன்?

பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். எஃகில் கார்பன் கடினத்தைத் தருகிறது, குரோமியம் துருவைத் தடுக்கிறது, வனேடியம் கார்பனோடு சேர்ந்து மிகக் கடினமான நுண்துகள்களாகி (கார்பைடு என்பது இதுதான்) தேய்மானத்தைத் தாங்குகிறது. 8சிஆர்13எம்ஓவி, ஏயுஎஸ்-8 மாதிரியானவற்றில் வனேடியம் மிகக் குறைவு. சீக்கிரம் தீட்டலாம், சீக்கிரம் மழுங்கும். எஸ்30வி-யில் ஏறக்குறைய 4 சதவீதம் வனேடியம். 2001-இல் கத்திக்கென்றே உருவாக்கிய எஃகு அது. அட்டையில் நீண்ட நேரம் நிற்கும்.

டி2 என்று ஒன்று எல்லா இடத்திலும் கிடைக்கும். 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். காகிதத்தில் பார்த்தால் துருப்பிடிக்காத எஃகு போலத் தோன்றும், ஆனால் அந்தக் குரோமியத்தில் பெரும்பகுதி கார்பைடாகக் கட்டுண்டு கிடக்கிறது, துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். வியர்வைபட்ட பையிலேயே கிடந்தால் புள்ளிபுள்ளியாகப் பிடிக்கும். இதற்கு நேர்மாறானது மேக்னாகட். லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021-இல் வந்தது. குரோமியம் 10.7 சதவீதம்தான், டி2-வைவிடக் குறைவு. ஆனால் அது கார்பைடில் சிக்காமல் எஃகிலேயே கரைந்திருப்பதால் துருவை மிக நன்றாகத் தாங்குகிறது. சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

இவருக்கு என் பரிந்துரை: முடிந்தால் எஸ்30வி அல்லது மேக்னாகட், இல்லையென்றால் 14சி28என் என்ற துருப்பிடிக்காத எஃகு.

தீட்டுக்கல்

உருக்கு, நீங்கள் லாரின் தாமஸ் பெயரைச் சொன்னதால் அவர் செய்த சோதனையையே எடுத்துக்கொள்வோம். கேட்ரா என்று ஒரு இயந்திரம், சிலிக்கா கலந்த அட்டையைத் திரும்பத் திரும்ப வெட்டி எவ்வளவு அறுந்தது என்று கணக்கிடும். அதில் அவர் ஒரே எஃகை வெவ்வேறு கோணங்களில் தீட்டிப் பார்த்திருக்கிறார். கூரின் கோணம் குறையக் குறைய அறுபடும் மொத்த அளவு பெரிய அளவில் கூடுகிறது. அதாவது சாதாரண எஃகை ஒரு பக்கத்துக்கு 15 பாகையில் தீட்டினால், உயர்ந்த எஃகைத் தடியான கோணத்தில் வைத்திருப்பவரோடு அது போட்டி போடும். கூர் தங்குவதே எஃகை மட்டும் பொறுத்தது என்று நினைப்பது சரியில்லை, அதில் வடிவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று. இவர் இப்போதுதான் தீட்டக் கற்றுக்கொள்ளப் போகிறார். வனேடியம் கார்பைடு, சாதாரணத் தீட்டுக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினம். நீங்கள் சொல்லும் எஃகுக்கு வைரத் துகள் பதித்த கல் தேவைப்படும், இல்லையென்றால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், பிசிரும் (தீட்டும்போது கூரில் சுருண்டு நிற்கும் மெல்லிய உலோக விளிம்பு) சரியாகப் போகாது. புதிதாகக் கற்பவர் அங்கே மனம் தளர்ந்து கல்லைத் தூக்கி மூலையில் வைத்துவிடுவார். அப்புறம் மழுங்கிய உயர்ரக எஃகைப் பையில் சுமந்துகொண்டு திரிவார். இதை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். 14சி28என் பற்றி நமக்குள் சண்டையே இல்லை, அது நல்ல தேர்வு.

இடதுகை

இரண்டு பேரும் பிளேடிலேயே நிற்கிறீர்கள். கையை வெட்டாமல் மூட முடியுமா என்பதையும் பேச வேண்டாமா? மடக்குக் கத்தியில் விரல் வெட்டுப்படுவது திறக்கும்போதைவிட மூடும்போதுதான் அதிகம் என்பது என் அனுபவம்.

லைனர் லாக்: பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று பிளேடின் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து நிற்கும். மூட வேண்டுமென்றால் கட்டைவிரலால் அதைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும், அப்போது அந்த விரல் பிளேடு வந்து விழும் பாதையில் இருக்கும். பிளேடு கொஞ்சம் மடங்கியதும் விரலை எடுத்துவிட வேண்டும் என்ற பழக்கம் கைக்கு வரும்வரை மெதுவாகத்தான் மூட வேண்டும். அதோடு அது வலதுகைக்காரர்களுக்காகச் செய்தது. என்னைப் போல இடதுகைக்காரருக்குத் தள்ள வேண்டிய தகடு தவறான பக்கத்தில் இருக்கும். பிரேம் லாக்கும் அதே மாதிரிதான், மெல்லிய தகடுக்குப் பதிலாகப் பிடியின் ஒரு பக்கமே பூட்டாக வேலை செய்யும். கிறிஸ் ரீவ் என்ற கத்தி வடிவமைப்பாளர் தன் செபென்சா கத்தியில் கொண்டுவந்து பிரபலமாக்கியது.

பேக் லாக்: முதுகில் ஒரு இடத்தை அழுத்தினால் திறக்கும். 1964-இல் வந்த பக் 110 இந்த வகையில்தான் புகழ்பெற்றது. உறுதி, எளிமை, இரண்டு கைக்கும் ஒத்துவரும். ஆனால் பக் 110 ஏறக்குறைய 200 கிராம், தினமும் பையில் வைத்தால் கால்சட்டையே ஒரு பக்கம் இழுக்கும்.

குறுக்குத் தண்டு லாக்: 1998-இல் பெஞ்ச்மேட் நிறுவனம் ஆக்சிஸ் லாக் என்ற பெயரில் கொண்டுவந்தது. பிடிக்குக் குறுக்கே ஒரு சின்னத் தண்டு, இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய ஸ்பிரிங். தண்டைப் பின்னால் இழுத்தால் பிளேடு தளர்ந்து மடங்கும், எந்த விரலும் அதன் பாதையில் வராது. இடது, வலது என்ற பாகுபாடே இல்லை. இப்போது வேறு பல நிறுவனங்களும் இதே முறையில் செய்கின்றன. பெஞ்ச்மேட் பக்அவுட் 52 கிராம்தான், அதன் பிளேடு 8 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். பக் 110-இன் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, அதே வேலையைச் செய்கிறது.

சரக்கறை, சின்னக் கை என்று சொன்னீர்கள், கையுறை போடுவீர்களா? போடுவீர்கள் என்றால் லைனர் லாக்கின் சின்னத் தகடு கையுறை விரலுக்கு அகப்படாது. அதையும் யோசியுங்கள்.

பழம்பேனா

பூட்டே இல்லாத கத்தியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்லிப்ஜாயின்ட், அதாவது முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் பழைய பேனாக்கத்தி. நான் வருடக்கணக்காக இதைத்தான் வைத்திருக்கிறேன். எடை தெரியாது, பையில் ஒரு சாவிக்கொத்து அளவு இடம்கூடப் பிடிக்காது, எடுத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அதோடு சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மொத்தத் தேர்வும் மாறிவிடும். பிரிட்டனில் மடங்கக்கூடிய, பூட்டாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மிகாத கத்தியைப் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பூட்டுகிற கத்தி என்றால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தகுந்த காரணம் வேண்டும். அங்கே 8-ஆம் எண் ஓபினெல்லுக்கு நீளமும் அதிகம், பூட்டும் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. சில இடங்களில் நீளம் மட்டும் பார்ப்பார்கள், சில இடங்களில் திறக்கும் விதத்தைப் பார்ப்பார்கள், சில இடங்களில் நீங்கள் எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பள்ளி, நீதிமன்றம், விமானத்தின் பயணிகள் பகுதி போன்ற இடங்களுக்குத் தனி விதிகள் உண்டு. வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தை அரசின் தளத்திலேயே படித்துவிடுங்கள், விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். வேலையிடத்தின் விதியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சில கிடங்குகள் சொந்தக் கத்தியையே அனுமதிப்பதில்லை.

சரக்கறை

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. கையுறை போடுவேன், மெல்லியதுதான். சட்டத்தைப் பார்த்துவிட்டேன்: நான் இருக்கும் இடத்தில் வேலைக்காகப் பூட்டுகிற கத்தி வைத்துக்கொள்ளலாம். மேலாளரிடமும் கேட்டுவிட்டேன், சிறியதாக இருக்கட்டும் என்றார்.

பழம்பேனா அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பூட்டு இல்லாமல் பெட்டி வெட்டும்போது கத்தி மடங்கிவிடாதா?

பழம்பேனா

கூர் கீழே பார்க்க, இழுத்து வெட்டினால் மடங்காது, ஏனென்றால் வெட்டும் விசை பிளேடைத் திறந்த பக்கமாகவே தள்ளுகிறது. மடங்குவது எப்போது என்றால், முனையால் குத்தித் துளை போடும்போது, அல்லது பிளேடு எதிலாவது சிக்கி அதைப் பின்னால் பிடுங்கும்போது. அந்த இரண்டையும் செய்யாமல் இருந்தால் போதும். ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், நீங்கள் சொல்லும் கிடங்கு வேலையில் பெட்டியின் நடுவே முனையை இறக்கி ஆரம்பிக்க வேண்டிய தேவை அடிக்கடி வரும். அதற்குப் பூட்டு நல்லது. வீட்டுக்கும் வெளியே போகவும் என்றால் ஸ்லிப்ஜாயின்ட் போதும்.

அதே நேரம் பூட்டு இருக்கிறது என்று நம்பி முரட்டுத்தனமாகப் பயன்படுத்துபவர்களும் உண்டு. எந்தப் பூட்டும் தேயும், அதற்குள் தூசி அடையும், ஒரு நாள் நழுவும். பூட்டு உள்ள கத்தியையும் பூட்டு இல்லாதது போலவே பிடித்து வெட்டுங்கள்.

மின்பணி

கொஞ்சம் வேறு மாதிரி ஒரு கருத்து. நான் ஒயரிங் வேலை செய்கிறவன், எனக்குப் பெட்டி, ஒயர், குழாய், ஜிப்சம் பலகை எல்லாம் தினமும். அட்டைக்கு நான் நல்ல கத்தியைத் தொடுவதே இல்லை. பிளேடு மாற்றுகிற மடக்குக் கட்டர் வைத்திருக்கிறேன். அந்த மாற்று பிளேடின் மொத்தத் தடிமனே ஏறக்குறைய 0.6 மி.மீ.தான், தீட்டுக்கல் சொன்ன மெல்லிய கணக்கை அது பிறவியிலேயே தாண்டிவிடுகிறது. மழுங்கினால் திருப்பிப் போடு, அதுவும் மழுங்கினால் புதியது. பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாமல் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள், அள்ளுகிறவர் கை முக்கியம்.

இன்னொன்று, பட்டை. இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பட்டையை வெட்டும்போது அது துள்ளி முகத்தில் அடிக்கும். பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பி, பட்டையின் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும், கண்ணாடி போட்டால் இன்னும் நல்லது. இரும்புப் பட்டையில் கத்தியை வைக்கவே கூடாது, அதற்கென்று தனி கட்டர் இருக்கிறது. பிளாஸ்டிக் பட்டைக்கும் கொக்கி வடிவக் கட்டர் கிடைக்கிறது, கூர் உள்ளே மறைந்திருக்கும், பெட்டிக்குள் இருக்கும் சரக்கையும் கீறாது.

உருக்கு

மின்பணி சொல்வது கிடங்குக்கு மட்டும் என்றால் ஏற்கத்தக்கதுதான். ஆனால் சரக்கறை கேட்டது வேலைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒன்று. மாற்று பிளேடு குட்டையானது, பழம் நறுக்கவோ தடித்த கயிறு அறுக்கவோ உதவாது. அட்டைக்குக் கட்டர், மற்ற எல்லாவற்றுக்கும் மடக்குக் கத்தி என்று பிரித்துக்கொண்டால், அப்புறம் நான் சொன்ன உயர்ந்த எஃகுக்கான தேவையும் குறைந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போது துரு பிடிக்காததுதான் முக்கியமாகிவிடும், ஏனென்றால் பழச்சாறு, வியர்வை, மழை. கடலோரத்தில் இருப்பவர் என்றால் எல்சி200என் போன்ற நைட்ரஜன் சேர்த்த எஃகையும் பார்க்கலாம்.

தடித்த நைலான் கயிறுக்கு ரம்பப் பல் வைத்த பிளேடு நன்றாக வேலை செய்யும் என்று சிலர் சொல்வார்கள். அறுக்கும், உண்மைதான். ஆனால் அட்டையில் பிய்க்கும், அதைத் தீட்ட ஒவ்வொரு பள்ளத்துக்கும் மெல்லிய குச்சிக்கல் வேண்டும். பாதி ரம்பம் பாதி நேர்க்கூர் என்று வருவதில் இரண்டுக்கும் நீளம் பத்தாது. நான் நேர்க்கூர்தான் சொல்வேன், 400 அளவுக் கல்லோடு (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) நிறுத்திச் சற்றுச் சொரசொரப்பாக விட்டால் கயிறையும் நன்றாகவே பிடித்து அறுக்கும்.

கரைமேடு

இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு கேள்வி. இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வருகிறேன். தற்காப்புக்கும் சேர்த்து ஒரு மடக்குக் கத்தி வாங்கலாம் என்று நினைக்கிறேன். எந்த மாதிரி?

இடதுகை

வேண்டாம் நண்பரே. பதற்றத்தில் கை நடுங்கும்போது பையிலிருந்து எடுத்து, திறந்து, சரியாகப் பிடிப்பது நினைப்பதைவிடக் கஷ்டம். கத்தி எடுத்ததும் தள்ளுமுள்ளாக முடிந்திருக்க வேண்டியது உயிர் போகும் விஷயமாகிவிடும், அந்த உயிர் உங்களுடையதாகவும் இருக்கலாம். பல நாடுகளில் இதைத் தற்காப்புக்காக வைத்திருக்கிறேன் என்று நீங்கள் சொன்ன கணத்திலேயே சாதாரணக் கருவி சட்டத்தின் கண்ணில் ஆயுதமாகிவிடும். வெளிச்சமான வழி, கூட ஒருவர், கையில் நல்ல டார்ச், வீட்டில் ஒருவருக்கு இருக்கும் இடத்தைப் பகிர்வது, இவற்றைப் பாருங்கள். இந்த இழையில் சொல்வதெல்லாம் பெட்டி, கயிறு, பழம் வெட்டுகிற கத்தியைப் பற்றி.

கரைமேடு

சரி, புரிகிறது. நன்றி.

சரக்கறை

மின்பணி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அட்டைக்கும் பட்டைக்கும் வேலையிடத்திலேயே கட்டர் கேட்கிறேன். பையில் இருப்பது மற்றதற்கு. குறுக்குத் தண்டு லாக், 14சி28என், 7.5 செ.மீ. பிளேடு, 70 கிராமுக்குள் என்று தேடி மூன்று கத்திகளைக் குறித்து வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இடதுகை

முதலில் கண்ணை மூடிக்கொண்டு பிடியை நன்றாக இறுக்குங்கள், ஒரு நிமிடம் அப்படியே. எங்கேயாவது குத்துகிறதா, கிளிப்பின் நுனி உள்ளங்கையில் அழுத்துகிறதா என்று பாருங்கள். கிளிப் பெரிய தொந்தரவு தரும் இடம், யாரும் முன்கூட்டிக் கவனிப்பதில்லை. 1981-இல் ஸ்பைடர்கோ நிறுவனம் பிளேடில் வட்டத் துளையும் பிடியில் கிளிப்பும் வைத்து ஒரு கத்தியைக் கொண்டுவந்த பிறகுதான் கத்தி பையின் அடியில் சாவியோடு உருளாமல் விளிம்பில் நிற்க ஆரம்பித்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் கிளிப் அதிக இறுக்கமாக இருந்தால் பையின் துணியைத் தின்னும். பக்கம் மாற்றிப் போட முடியுமா என்று பாருங்கள். துணிக்கு மேலே கத்தி அதிகம் தெரியாத ஆழமான கிளிப் உங்களுக்கு ஏற்றது, மேலாளரும் சிறியதாக என்று சொல்லியிருக்கிறார்.

திறந்து, பிளேடின் முனையை விரல்நுனிகளால் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெல்ல அசையுங்கள். பூட்டிய நிலையில் ஆட்டம் தெரியக் கூடாது. பக்கவாட்டில் சிறு ஆட்டம் என்றால் அச்சாணித் திருகைக் கொஞ்சம் இறுக்கினால் போய்விடும், மேலும் கீழும் ஆடினால் அது பூட்டின் குறை, அந்தக் கத்தி வேண்டாம். மூடினால் பிளேடு நடுவில் உட்கார வேண்டும், ஒரு பக்கச் சுவரில் உரசக் கூடாது. மூடிய கத்தியைப் பிளேடு வெளிவரும் பக்கம் கீழே பார்க்கப் பிடித்து லேசாகக் குலுக்குங்கள், தானாகத் திறக்கக் கூடாது. பையில் தானாகத் திறக்கும் கத்தியைவிட ஆபத்தானது வேறில்லை.

பிடிப் பொருளில் அதிகம் யோசிக்க வேண்டாம். கண்ணாடியிழை நைலான் லேசானது, ஜி10 (கண்ணாடியிழைத் துணியும் பிசினும் சேர்த்து அழுத்தியது) ஈரத்திலும் வழுக்காது, மைகார்ட்டா (துணியோ காகிதமோ பிசினோடு சேர்த்து அழுத்தியது) பயன்படுத்தப் பயன்படுத்தக் கைக்கு இணக்கமாகும். வழவழ அலுமினியம் மட்டும் வியர்வைக் கைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

பெரிய பெயர்களில் போலிகள் ஏராளம். படம், பெட்டி, முத்திரை எல்லாம் அச்சாக இருக்கும், எஃகு மட்டும் வேறாக இருக்கும். நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழம்பேனா

பராமரிப்பும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பையின் பஞ்சுத் தூசிதான் மடக்குக் கத்தியின் நோய். அவ்வப்போது திறந்து பல்குச்சியால் உள்ளே இருப்பதை எடுத்துவிடுங்கள், அச்சாணியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். அதிகம் விட்டால் தூசியை இழுக்கும். பழம் வெட்டுவீர்கள் என்பதால் உணவில் பட்டாலும் தீங்கில்லாத மினரல் ஆயில் விடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் பூட்டையே ஒட்டவைத்துவிடும். மரப்பிடி என்றால் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், மரம் உப்பி பிளேடு திறக்கவே திறக்காது.

சரக்கறை

கடைசியாகத் தீட்டுவதைப் பற்றி. தீட்டுக்கல் அண்ணா, வாங்கியதும் முதல் வேலையாகக் கோணத்தை 15-க்குக் கொண்டுவர வேண்டுமா? எந்தக் கல் வாங்கட்டும்?

தீட்டுக்கல்

வாங்கியதும் தொட வேண்டாம். நிறுவனம் கொடுத்த கூரோடு சில வாரம் பயன்படுத்துங்கள், கத்தி எங்கே சிரமப்படுகிறது என்று உங்கள் கைக்குத் தெரிய வரும். மழுங்க ஆரம்பித்ததும் உட்காருங்கள். ஒரு பக்கம் 400, மறு பக்கம் 1000 இருக்கும் ஒரே கல் போதும், பெரிய தொகுப்பெல்லாம் தேவையில்லை. 14சி28என்-க்கு வைரம் கட்டாயம் இல்லை.

கறுப்பு மார்க்கரால் கூரின் இரண்டு பக்கச் சரிவையும் பூசுங்கள். கல்லில் இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுத்துவிட்டுப் பாருங்கள். மை மேல்பக்கத்தில் மட்டும் போயிருந்தால் கத்தியை அதிகம் படுக்க வைத்திருக்கிறீர்கள், கூர்நுனியில் மட்டும் போயிருந்தால் அதிகம் நிமிர்த்தியிருக்கிறீர்கள். சரிவு முழுக்க ஒரே சீராகப் போனால் அதுதான் உங்கள் கத்தியின் கோணம், கை அதைப் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு ஒரே பக்கமாகத் தேயுங்கள், எதிர்ப்பக்கக் கூரில் அடி முதல் நுனி வரை மெல்லிய பிசிர் விரலுக்குத் தட்டுப்படும்வரை. விரலைக் கூரின் நீளவாட்டில் ஓட்டாதீர்கள், குறுக்கே, முதுகிலிருந்து வெளியே பார்க்கத் தடவுங்கள். பிசிர் நீளம் முழுக்க வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள், பிசிர் வருவதற்கு முன்பே பக்கம் மாற்றி, மணிக்கணக்கில் தேய்த்தும் கூர் வரவில்லை என்று கல்லைக் குறை சொல்கிறார்கள். மறுபக்கமும் அதே மாதிரி. அப்புறம் 1000-இல் அழுத்தமே இல்லாமல், கத்தியின் சொந்த எடையில், பக்கம் மாற்றி மாற்றி இழுத்தால் பிசிர் குறைந்துகொண்டே போகும். பழைய தோல் பெல்ட்டில், கூர் பின்னால் வருகிற மாதிரி சில தடவை இழுத்தால் மிச்சமும் போய்விடும்.

அந்தக் கோணம் 20-ஆக இருந்தால் இருக்கட்டும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்க வைத்து 17, 15 என்று இறக்கலாம். இறக்கிய பிறகு கூர் வளைந்தோ நுண்ணியதாகச் சிதறியோ போனால் உங்கள் வேலைக்கு அது அதிகம் மெல்லியது, ஒரு பாகை மேலே வந்தால் சரியாகிவிடும். மூன்றில் எதை வாங்கினீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள், கூருக்குப் பின்னால் தடிமன் எவ்வளவு என்று அளந்தும் போடுங்கள். வெர்னியர் இல்லையென்றால் கூரைப் பக்கவாட்டில் வைத்து ஒரு படம் போதும்.